ஈரப்பதம்

வால்டிவியாவில் மழைக்கு விடுமுறை இல்லை.
ஒப்பந்தத்தில் இருந்தது இவ்வளவுதான்:
தனி அறை, இரண்டு வேளை உணவு,
வாரம் ஒருமுறை துணி துவைத்தல்.
சண்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முதல் மூன்று மாதம்
அவர்கள் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள்,
பூனைக்கு முன்னால் உடை மாற்றுவதுபோல.
ரொட்டியில் அவகாடோவை மசித்துத் தடவியபடியே
மரிசோல் எர்னானைக் கிழித்துக்கொண்டிருப்பாள்;
துண்டை என் பக்கம் நகர்த்தும்போது மட்டும்
முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொள்வாள்.
கிராசியாஸ், என்பேன்.
அப்போது எனக்குத் தெரிந்த
பதினாறு சொற்களில் அது ஒன்று.

எனக்கு அது மழையின் இன்னொரு ஓசை.
தகரத்தில் விழுவது, மரத்தில் விழுவது,
இவர்கள் மேல் விழுவது.

வனவியல் மாணவன் நான்.
பகலெல்லாம் ஆய்வகத்தில்
கட்டைகளுக்குள் ஊசி செலுத்தி
ஈரம் எத்தனை சதவீதம் என்று எழுதுவேன்.
இருபத்தைந்துக்குக் கீழே என்றால் எரியும்.
மேலே என்றால் புகையும்.
ஒருநாள் கருவியைப் பையில் போட்டு எடுத்துவந்து
வீட்டு விறகைக் குத்திப் பார்த்தேன்.
முப்பத்தொன்பது.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்வதற்கு வினைச்சொல் போதவில்லை.

பிறகு மொழி வந்தது.
வகுப்பறை வழியாக அல்ல,
சமையலறைச் சுவரின் பலகை இடுக்கு வழியாக.
முதலில் பெயர்ச்சொற்கள்: படகு, கடன், உன் அண்ணன்.
அப்புறம் இல்லைகள்: இல்லவே இல்லை, என்றைக்கும் இல்லை, இனி இல்லை.
ஒரு வியாழக்கிழமை பல் தேய்த்துக்கொண்டிருக்கையில்
வாய் நிறைய நுரையோடு
ஒரு முழு வாக்கியம் புரிந்தது:
'அன்றைக்கே நீ சொல்லியிருந்தால்
நான் படகை விற்றிருக்க மாட்டேன்.'

மறுநாள் தேர்வில் அதை அப்படியே எழுதினேன்.
ஆசிரியை பினில்லா அடியில் இரண்டு கோடு இழுத்து,
'இந்த அமைப்பை நான் இன்னும் நடத்தவே இல்லையே,
எங்கே கற்றாய்?' என்றார்.
வீட்டில், என்றேன்.
'நல்ல குடும்பம் வாய்த்திருக்கிறது உனக்கு.'

நான் அகப்பட்டது ஒரு சிரிப்பில்.
ஆகஸ்ட். மின்சாரம் போன இரவு.
'பையன் எதிரில் வேண்டாம்,' என்றாள் மரிசோல்.
'அவனுக்குச் சாப்பாட்டுச் சொற்கள் மட்டும்தான் தெரியும்.
உருளைக்கிழங்கே என்று நீ என்னைத் திட்டினால்தான்
தலை நிமிர்வான்,' என்றான் எர்னான்.
அடக்க முடியவில்லை எனக்கு.
கரண்டி தட்டில் விழுந்தது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
இரண்டு முகங்கள் என் பக்கம் திரும்பின,
குளியலறைக் கதவை யாரோ திறந்துவிட்டதுபோல.

அன்றிலிருந்து வீடு மரியாதையாகிவிட்டது.
உப்பைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா, நன்றி, பரவாயில்லை.
என் மொழிப் பாடம் அதோடு நின்றது.
எல்லோரும் என்னிடம்
மெதுவாக, பிழையில்லாத இலக்கணத்தில் பேசினார்கள்.
அதைவிட அந்நியனாக நான் அங்கே இருந்ததில்லை.
துணி மட்டும் பழையபடி.
என் அடுக்கில் எர்னானின் காலுறை ஒன்று
தவறி வந்து சேரும்;
திருப்பிக் கொடுக்காமல் போட்டுக்கொள்வேன்.

சண்டை காருக்குள் குடிபோனது.
இரவு ஒன்பது மணிக்கு
பால் வாங்கி வருவதாகச் சொல்லி இருவரும் கிளம்புவார்கள்.
கார் வாசலைவிட்டு நகராது.
கண்ணாடிகள் உள்ளிருந்து வெளுக்கும்.
துடைப்பான் மட்டும்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
யார் பக்கம் என்று முடிவெடுக்க முடியாமல்.

ஜன்னலோரம் ராயென் என்னை ஒட்டி நிற்பாள்.
ஒன்பது வயது.
அவள் அப்பா, அவள் அம்மா, அவள் மொழி.
கேட்டது என்னை:
'என்ன பேசுகிறார்கள்?'

நான் அடுப்பைப் பார்த்தேன்.
'விறகைப் பற்றி,' என்றேன்.
'ஈரமாக இருக்கிறதாம். மாற்ற வேண்டுமாம்.'

அவள் கண்ணாடியில் மூச்சுவிட்டு
ஒரு படகு வரைந்தாள்.
உள்ளங்கையால் அழித்தாள்.
'விறகு நேற்றே மாற்றியாயிற்று,' என்றாள்.
'நீதானே இறக்கி வைத்தாய்.'